அடுகலம் கண்ட டெனிஸ் பாப்பின்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும், மலைகள் மதில்போற் சூழ்ந்து நிற்க, நடுவே பசுமை விரிந்த நிலப்பரப்பொன்று கண்ணிற்படும். அதுவே தேனியும், அதற்குத் தென்மேற்கே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் ஆகும். 1895ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றது. அந்நீர் எட்டுமிடமெல்லாம் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தரும் செழித்து விளங்கும். அது எட்டாத மானாவாரிக் காடுகளிலோ சோளமும் மொச்சையும் கொள்ளும் துவரையும் விளையும். மழையை மட்டுமே நம்பி வாழ்ந்த குடிகளுக்குப் பல தலைமுறைகளாக வலிமை தந்தவை இப்புன்செய்ப் பயிர்களே.

ஆயினும் மொச்சைக்கும் கொள்ளுக்கும் ஒரு குணம் உண்டு. அவை எளிதில் வேகா. முன்னாளிரவே ஊறவைத்து, விடிந்ததும் மண்பானையில் ஏற்றி, அடுப்பின்முன் அமர்ந்து விறகைத் தள்ளிக்கொண்டேயிருத்தல் வேண்டும். அவ்விறகும் வீட்டு வாசலில் வந்து விழுவதன்று. மலையடிவாரம் வரை நடந்து, சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொணர்ந்த பெண்கள் பலர். ஒரு சட்டி மொச்சைக் குழம்பின் சுவைக்குப் பின்னால் அரைநாள் உழைப்பு மறைந்திருந்தது.

இப்பள்ளத்தாக்கின் கிழக்கே உயர்ந்து நிற்கும் மேகமலையில் இத்துன்பம் இன்னும் மிகுதி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அங்குத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்த பாத்திரத்திற் பருப்பை ஏற்றினால், நீர் தளதளவென்று கொதிக்கும், ஆவி பொங்கும், பருப்போ நெடுநேரம் வேகாது கிடக்கும். காரணம் யாதெனின், உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றது. கடற்கரையில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், மேகமலையில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு விறகை எரித்தாலும் நீர் ஆவியாகி ஓடுமேயன்றி, அதன் வெப்பம் ஒரு பாகையும் உயராது. ஆகவே கொதிப்பது வேறு, வேகுவது வேறு என்பதை மலைமேல் வாழ்வோர் நன்கறிவர்.

இதற்கு மாறாக, கலத்தின் வாயை இறுக மூடி ஆவியை உள்ளேயே அடக்கினால் என்ன நிகழும்? உள்ளிருக்கும் அழுத்தம் உயரும். அழுத்தம் உயர, நீர் கொதிக்கும் வெப்பமும் உயரும். இன்று நம் வீடுகளில் விசிலடிக்கும் பிரஷர் குக்கரில், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மிகுதியான அழுத்தம் நிலவும். அதனுள் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறும். மேகமலையிலும் அது 115 பாகையைத் தாண்டும். இவ்வுண்மையைக் கண்டு, அதனை ஒரு சமையற்கலமாகவே வடித்துக் காட்டிய அறிஞர், முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டெனிஸ் பாப்பின் ஆவார்.

பாப்பின் பிரான்சு நாட்டில், புளுவா நகருக்கு அருகிலுள்ள சிட்டனே என்னும் சிற்றூரில் 1647ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். அவர் குடும்பத்தார் கத்தோலிக்க சமயத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள். பிரான்சில் அச்சபையினர் சிறுபான்மையோர். அவரை ஹ்யூகநாட்டுகள் என்று அழைப்பர். இச்சமய வேறுபாடு பாப்பினின் வாழ்க்கை முழுவதையும் எவ்வாறு அலைக்கழித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அவர் ஆன்ஷே நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1669ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். ஆனால் நாடி பார்ப்பதிலும் மருந்து கலப்பதிலும் அவர் உள்ளம் நிலைகொள்ளவில்லை. பொறிகளின்மீதே அவருக்கு வேட்கை. பாரிசு நகரில் அப்போது கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் டச்சு நாட்டுப் பேரறிஞர், அரசரின் அறிவியற் கழகத்திற் பணியாற்றிவந்தார். ஊசல் கடிகாரத்தை அமைத்தவரும் சனிக்கோளின் வளையத்தை விளக்கியவரும் அவரே. அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த பாப்பின், காற்று வாங்கும் பம்பைக் கொண்டு பல சோதனைகளை நடத்தினார். 1674ஆம் ஆண்டில் வெற்றிடத்தைப் பற்றித் தாம் செய்த சோதனைகளை ஒரு நூலாக வெளியிட்டார். வெடிமருந்தைக் கொளுத்தி உருளையினுள் இருக்கும் காற்றை வெளியேற்றி, பின்னர் வெளிக்காற்றின் அழுத்தத்தால் உந்துதண்டைக் கீழிறங்கச் செய்யும் பொறியொன்றை ஹைகன்ஸ் முயன்றபோது, அம்முயற்சியிலும் பாப்பின் துணைநின்றார். வெடிமருந்தின் இடத்தில் பிற்காலத்தே அவர் நீராவியை வைத்தார். அவ்வெண்ணத்தின் வித்து பாரிசிலேயே விழுந்துவிட்டது.

1675ஆம் ஆண்டில் பாப்பின் இலண்டன் சென்றார். அங்கே இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் அவரைத் தம் ஆய்வுக்கூடத்திற் சேர்த்துக்கொண்டார். காற்றின் அழுத்தத்திற்கும் கன அளவிற்கும் உள்ள தொடர்பை வகுத்த பாயில் விதியை நீங்கள் இயற்பியற் பாடத்திற் படித்திருப்பீர்கள், அவ்விதிக்குரியவரே இவர். காற்றில்லாக் கலத்தினுள் பழங்களும் பிற உணவுகளும் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை இருவரும் ஆராய்ந்தனர். உணவைப் பற்றிய கவலை பாப்பினுக்கு அப்போதே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

1679ஆம் ஆண்டில் அவர் தம் புதிய கலத்தை இலண்டன் இராயல் சங்கத்தின் அறிஞர்களுக்குக் காட்டினார். தடித்த உலோகத்தால் ஆன உருளை அது. அதன் மூடி, திருகாணிகளைக் கொண்டு இறுக்கப்பட்டிருக்கும். உள்ளே நீரையும் வேகவேண்டிய பொருளையும் இட்டு மூடி, கீழே கரிநெருப்பை மூட்டுவர். பாப்பின் அதற்கு டைஜஸ்டர் என்று பெயரிட்டார். செரிக்கச் செய்வது என்பது அதன் பொருள். வயிறு செய்யும் வேலையிற் பாதியைக் கலமே செய்து முடித்துவிடுகின்றது என்று அவர் கருதினார் போலும். 1681ஆம் ஆண்டில் அக்கலத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. எலும்பை மென்மையாக்கும் பொறி என்பதே அந்நூல் அதற்கு அளிக்கும் விளக்கம். சமையல், கடற்பயணம், இனிப்புப் பண்டம் செய்தல், பானம் காய்ச்சுதல், வேதியியல், சாயமிடுதல் ஆகிய அனைத்திற்கும் அக்கலம் எவ்வாறு பயன்படும் என்பதை அவர் அதில் விரித்துரைத்தார்.

எலும்பை ஏன் மென்மையாக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். அக்காலத்து ஐரோப்பாவில் ஏழைகளுக்கு நல்ல இறைச்சி கிட்டுவது அரிது. கிழட்டு மாட்டின் கடினமான இறைச்சியும், தின்பாரற்று எறியப்பட்ட எலும்பும் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் குறைந்த கரிச்செலவில் உண்ணத்தக்கனவாக ஆக்கிவிட்டால் வறியோர் பசியாறுவர் என்பது பாப்பினின் எண்ணம். ஒவ்வொரு முறையும் எத்துணை எடையுள்ள கரி எரிந்தது என்று அவர் கணக்கெழுதினார். அடுப்புச் செலவை இவ்வாறு நிறுத்துப் பார்த்த அறிஞர் அவருக்கு முன் எவரேனும் இருந்தனரோ என்பது ஐயமே.

இன்னும் வியப்புக்குரியது அவர் வெப்பத்தை அளந்த முறை. நாம் இன்று பயன்படுத்தும் பாகைக் கணக்குகள் அன்று தோன்றவில்லை. ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் அடுத்த நூற்றாண்டினர். ஆகவே பாப்பின் ஓர் எளிய வழி கண்டார். கலத்தின் மூடிமேல் இருந்த சிறு குழியில் ஒரு துளி நீரை விட்டு, அது ஆவியாகி மறைவதற்குள் ஊசல் எத்தனை முறை ஆடுகின்றது என்று எண்ணினார். துளி விரைந்து மறையுமாயின் வெப்பம் மிகுதி. தோசைக்கல்லில் நீர் தெளித்துச் சூடு பார்க்கும் நம் வீட்டுத் தாய்மாரின் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. அவர்கள் கண்ணால் அளப்பதை இவர் ஊசலால் அளந்தார்.

ஆனால் அடைபட்ட ஆவி கொடியது. நெருப்பு மிகுந்தால் கலம் வெடித்துச் சிதறும். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க அவர் அமைத்த கருவியே, என் கருத்தில், கலத்தைக் காட்டிலும் பெரிய கண்டுபிடிப்பு. மூடியில் ஒரு சிறு துளையிட்டு, அதனை ஓர் அடைப்பால் மூடி, அவ்வடைப்பின்மீது ஒரு நெம்புகோலைக் கிடத்தி, கோலின் மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். உள்ளழுத்தம் எடையை மிஞ்சும்போது அடைப்பு தானே உயர்ந்து ஆவியை வெளியேற்றும். அழுத்தம் தணிந்ததும் தானே இறங்கி மூடிக்கொள்ளும். எடைக்கல்லை முன்னும் பின்னும் நகர்த்தி, எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். பிற்காலத்து நீராவிப் பொறிகளும் இரயில் எஞ்சின்களும் வெடிக்காமல் ஓடியது இக்காப்பு அடைப்பின் வழிவந்த கருவிகளாலேயாம். குக்கரின் மேல் நாம் மாட்டும் வெயிட் எனப்படும் சிறு குண்டும் அதன் வழித்தோன்றலே.

1682ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இராயல் சங்கத்தினர் சிலர் ஒரு விருந்துக்குக் கூடினர். மீனும் இறைச்சியும் அனைத்தும் பாப்பினின் கலங்களிலேயே சமைக்கப்பட்டிருந்தன. சான் ஈவ்லின் என்பவர் அவ்விருந்தைப் பற்றித் தம் நாட்குறிப்பில் மகிழ்ச்சியுடன் எழுதிவைத்துள்ளார். கடினமான எலும்புகளும் கைக்கு நெகிழ்ந்தன. செலவான கரியோ கையளவு. எலும்பிலிருந்து இறங்கிய பாகை ஒரு கண்ணாடிக் கலத்தில் ஊற்றித் தம் மனைவிக்கும் அவர் அனுப்பிவைத்தாராம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸும் தம் ஆய்வுக்கூடத்திற்கென இத்தகைய கலமொன்றைச் செய்வித்துக்கொண்டார்.

இத்துணைப் பாராட்டும் பாப்பினின் வயிற்றை நிரப்பவில்லை. இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றிருந்தும் நிலையான ஊதியம் தரவில்லை. அவர் வெனிசு நகரத்துக் கழகமொன்றில் சில காலம் பணிபுரிந்துவிட்டு 1684ஆம் ஆண்டில் இலண்டன் மீண்டார். சங்கத்தின் சோதனைகளை நடத்திக்காட்டும் தற்காலிக வேலை, ஆண்டுக்கு 30 பவுன் சம்பளத்தில் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே பேரிடி ஒன்று விழுந்தது. 1685ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, சீர்திருத்தச் சபையினருக்கு அதுவரை இருந்த வழிபாட்டுரிமையை நீக்கிவிட்டார். இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடு துறந்து ஓடினர். பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழி பாப்பினுக்கு அன்றோடு அடைபட்டது.

அவருடைய கலத்தின் கதை இதன்பின் என்னவாயிற்று என்பதைச் சிறிது பார்த்துவிட்டு அவர் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1687ஆம் ஆண்டில் அவர் அதனைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். எனினும் அக்கலம் பெரிது, விலை மிகுதி, கையாளத் தேர்ச்சி வேண்டும். அடுக்களைக்குள் அது நுழையவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1879ஆம் ஆண்டில், பாஸ்டியரின் துணைவரான சார்லஸ் சாம்பர்லாந்து அதே முறையைக் கொண்டு மருத்துவக் கருவிகளிலுள்ள கிருமிகளைக் கொல்லும் கொப்பரையை அமைத்தார். தேனி மருத்துவமனையிலும் கம்பம் மருத்துவமனையிலும் அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் கொப்பரை அதன் வழி வந்ததே. நம் நாட்டிலும் 1910ஆம் ஆண்டில் வங்காளத்து இந்துமாதவ மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்னும் அடுக்குக் கலத்தைச் செய்தார். ஆனால் அது அழுத்தத்தால் அன்றி, மெல்லிய ஆவியினால் சோறும் பருப்பும் காயும் ஒருங்கே வேகச் செய்வது. எளிதிற் கையாளத்தக்க சிறு குக்கர்கள் 1939ஆம் ஆண்டில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டன. 1950களின் இறுதியில் இந்தியாவிலேயே அவை செய்யப்படலாயின. மெல்ல மெல்ல அவை சிற்றூர்களுக்கும் பரவி, கம்பம் பள்ளத்தாக்கின் அடுக்களைகளையும் அடைந்தன.

பாப்பினின் நம்பிக்கை ஒன்றில் பிழை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எலும்புப் பாகு இறைச்சிக்கு நிகரான உணவு என்று அவரும் அவருக்குப் பின் பலரும் எண்ணினர். மகெந்தி என்பவர் தலைமையில் பிரான்சில் அமைந்த ஆய்வுக்குழு, அப்பாகு மட்டுமே உண்ட உயிர்கள் நலிகின்றன என்று 1841ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. உடலுக்கு இன்றியமையாத சில புரதக் கூறுகள் அதில் குறைவு. இந்த வகையில் நம் பள்ளத்தாக்கின் பழைய உணவு சிறப்புடையது. தானியத்தில் குறையும் கூறு பயற்றில் மிகுதி. பயற்றிற் குறைவது தானியத்தில் உண்டு. சோளச்சோறும் மொச்சைக் குழம்பும், கேழ்வரகுக் களியும் கொள்ளுத் துவையலும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்புவன. எலும்பை நாடிய பாப்பின், மொச்சையைக் கண்டிருப்பாராயின் இன்னும் மகிழ்ந்திருப்பார்.

பயற்றை அவருடைய கலத்தில் வேகவைப்பதற்கும் சில முறைகள் உண்டு. காய்ந்த மொச்சையை எட்டு மணி நேரமேனும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீர் ஊற்றல் வேண்டும். பயறு வேகும்போது நுரைத்துப் பொங்குமாதலால் கலத்திற் பாதிக்குமேல் நிரப்பலாகாது. நுரை ஏறி ஆவித்துளையை அடைக்குமாயின் காப்பு அடைப்பு வேலை செய்யாது. மற்றப் பொருள்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கே எல்லை. புளியை முதலிலேயே கரைத்து ஊற்றிவிட்டால் பயறு மசியாது. புளிப்பு, அதன் தோலையும் சதையையும் பிணைத்திருக்கும் பொருளைக் கரையவிடாது இறுக்கிவிடும். வெந்தபின்பே புளி சேர்க்கவேண்டும் என்று பாட்டிமார் சொல்வதன் காரணம் இதுவே. கொள்ளு வெந்த நீரைக் கொட்டிவிடாமல் இரசம் வைப்பதும் அவர்கள் வழக்கம். நீரிற் கரையும் சத்துகள் அதில் இறங்கியிருக்கின்றன. கடுகும் கறிவேப்பிலையும் தாளிப்பதைக் கலத்தைத் திறந்தபின் வைத்துக்கொண்டால் மணம் கெடாது. கீரையைக் குக்கரில் நெடுநேரம் அடைத்துவைப்பது வீண். அதற்குத் திறந்த சட்டியே போதும்.

மற்றொன்று. வெயிட் எழும்பி ஆவி சீறத் தொடங்கியதும் பலர் அடுப்பை அப்படியே எரியவிடுகின்றனர். அவ்வாறு எரிப்பதனால் பயறு விரைந்து வேகும் என்பது தவறான எண்ணம். அடைப்பு உயர்ந்த அந்நொடியிலேயே உள்ளழுத்தம் தன் எல்லையை எட்டிவிட்டது. இனி எத்துணை நெருப்பிட்டாலும் உள்வெப்பம் உயராது. மிகுதியான வெப்பமெல்லாம் ஆவியாய் வெளியேறும். நெருப்பைத் தணித்து, ஆவி மெல்லக் கசியுமாறு வைத்தலே முறை. பாப்பின் கரியை நிறுத்துப் பார்த்த கணக்கின் பயன் இதுதான். அழுத்தம் அடங்கும் முன் மூடியைத் திறக்க முயல்வதோ உயிருக்கே இடராகும்.

இனிப் பாப்பினின் பிற்காலத்தைக் காண்போம். 1687ஆம் ஆண்டின் இறுதியில் செருமனியின் எஸ்ஸே நாட்டு இளவரசர் காரல், அவரை மார்புர்கு பல்கலைக்கழகத்திற்குக் கணிதப் பேராசிரியராக அழைத்தார். அங்கிருந்து 1690ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை உலக வரலாற்றில் இடம்பெற்றது. ஓர் உருளையின் அடியிற் சிறிது நீரை ஊற்றி, அதன்மேல் உந்துதண்டைப் பொருத்தினார். நீரைச் சூடாக்க, ஆவி தண்டை மேலே தள்ளியது. நெருப்பை அகற்ற, ஆவி குளிர்ந்து நீராகி உள்ளே வெற்றிடம் உண்டாயிற்று. வெளிக்காற்று தண்டைப் பெருவிசையுடன் கீழே அழுத்தியது. உந்துதண்டுள்ள நீராவிப் பொறியின் முதல் வடிவம் இதுவே. ஹைகன்ஸிடம் கற்ற உந்துதண்டும், தம் சமையற்கலத்தில் அடக்கிப் பழகிய ஆவியும் இங்கே ஒன்றுகூடின. அடுப்பங்கரையில் தோன்றிய அறிவு சுரங்கத்து நீரையும் இறைக்கலாம், கப்பலையும் செலுத்தலாம் என்று அவர் எண்ணினார். கையிலோ பொருளில்லை. பெரிய உருளைகளை வழுவழுப்பாகக் கடைந்து தரும் தொழிலாளரும் அக்காலத்தில் இல்லை.

மார்புர்கில் அவர் மணம் புரிந்துகொண்டார். பின்னர்க் காசெல் நகருக்குச் சென்று இளவரசரின் பணியிலேயே அமர்ந்தார். பேரறிஞர் இலைப்னிட்ஸ் அவருக்கு இடையறாது மடல் எழுதி ஊக்கமளித்தார். 1707ஆம் ஆண்டில், ஆவியைக் கொண்டு நீரை உயர்த்தும் முறைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் அரண்மனையிற் பகைவர் பெருகினர்; பணமும் வரவில்லை. மீண்டும் இலண்டனுக்கே செல்வதென அவர் முடிவு செய்தார்.

இதற்கென அவர் ஒரு படகைக் கட்டினார். துடுப்புக்கு மாறாக இருபுறமும் சக்கரங்கள் சுழன்று நீரைத் தள்ளும் படகு அது. உலகின் முதல் நீராவிப் படகு அதுவே என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. கேட்க இனிமையாயினும் அஃது உண்மையன்று. அச்சக்கரங்களை மனிதர் கையாலேயே சுழற்றினர் என்று அவருடைய மடல்களை ஆராய்ந்தோர் தெளிவாக்கியுள்ளனர். ஆவியால் அதனைச் செலுத்துதல் அவர் கனவு. இலண்டனிற் செய்துகாட்ட எண்ணியிருந்த சோதனை அது. 1707ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் குடும்பத்தாரையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு புல்டா ஆற்றின் வழியே புறப்பட்டார்.

முண்டன் என்னும் ஊரில் இடையூறு நேர்ந்தது. அங்கிருந்து கீழே செல்லும் ஆற்றில் படகு விடும் உரிமை அவ்வூர்ப் படகோட்டிகளின் சங்கத்துக்கே உரியது. பிறர் படகு அவ்வழிச் செல்லலாகாது. பாப்பின் முன்னரே விலக்கு வேண்டி விண்ணப்பித்திருந்தார், ஆனால் கிடைக்கவில்லை. படகோட்டிகள் படகைக் கைப்பற்றி உடைத்துப் போட்டனர். முதியவர் கரையில் நின்று பார்த்தார். அவரும் பாதுகாப்பாரற்ற ஏழை. படகோட்டிகளும் தம் பிழைப்பு பறிபோகுமோ என்று அஞ்சிய ஏழைகளே. எனினும் பல ஆண்டு உழைப்பு ஒரு பொழுதில் விறகாய்ப் போயிற்று.

எவ்வாறோ இலண்டன் சேர்ந்தார். ஆனால் அவர் அறிந்த இலண்டன் அங்கில்லை. பாயில் 1691ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பாரிசில் வழிகாட்டிய ஹைகன்ஸ் 1695ஆம் ஆண்டில் இறந்தார். சோதனைச் சாலையில் உடன்நின்ற இராபர்ட் ஹூக்கும் 1703ஆம் ஆண்டிற் காலமானார். சங்கத்தின் தலைமையில் இப்போது ஐசக் நியூட்டன் வீற்றிருந்தார். நீராவிப் படகைச் சிறு செலவிற் செய்து காட்டுகின்றேன் என்று பாப்பின் வேண்டினார். சங்கம் பொருளுதவ மறுத்தது. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. புதுப்புதுக் கருவிகளைப் பற்றிச் சங்கத்திற்கு எழுதிக்கொண்டேயிருந்தார். அவை படிக்கப்பட்டன; பாராட்டப்பட்டன; பரிசோ ஊதியமோ வரவில்லை.

1712ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் எழுதிய மடலே நமக்குக் கிடைத்துள்ள கடைசி மடல். தம் நிலை இரங்கத்தக்கது என்றும், நற்செயல் செய்யப்போயும் பகைவரையே தேடிக்கொண்டதாகவும் அதில் அவர் வருந்துகிறார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே தாமஸ் நியூகாமன் என்னும் இரும்பு வணிகர், நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைக்கும் பெரிய நீராவிப் பொறியை இயக்கிக் காட்டினார். உருளையும் உந்துதண்டும், ஆவி குளிர்ந்து உண்டாகும் வெற்றிடமும் அதில் இருந்தன. அச்செய்தி பாப்பினின் செவிக்கு எட்டியதற்குச் சான்று ஏதுமில்லை.

அவர் எங்கே, எப்போது இறந்தார் என்பது முந்நூறு ஆண்டுகளாக அறியப்படாமலேயிருந்தது. வரலாற்று நூல்கள் ஏறத்தாழ 1712 என்றும் 1714 என்றும் குறித்துவந்தன. அவர் பிறந்த மண்ணினர், புளுவா நகரின் உயர்ந்த படிக்கட்டின்மேல் அவருக்குச் சிலை எடுத்தபோதும் இறந்த நாளைப் பொறிக்க இயலவில்லை. அண்மைக் காலத்தில் இலண்டன் ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய திருச்சபைப் பதிவேட்டில் ஒரு வரி கண்டெடுக்கப்பட்டது. பிளீட் தெருவிலுள்ள தூய பிரைடு ஆலயத்தைச் சார்ந்த நிலத்தில், 1713ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள், டெனிஸ் பாப்பின் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே அவ்வரி. அப்போது அவருக்கு 66 வயது நிரம்பியிருந்தது.